ஓர்ப்படி தேர்ந்தெடுத்த படகு

கலைமதி அந்த வீட்டுக்கு வந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. லீலாவுக்கு அந்தக் கணக்கு தப்பாது. மோட்டார் போட வேண்டுமென்றால் லீலா, பின்கட்டு அறைகளில் வாடகைக்கு இருக்கும் திருநெல்வேலிக்காரர்களுக்கு ஃபேன் ஓடவில்லையென்றால் லீலா, காஸ் தீர்ந்தால் லீலா. மற்ற எதற்கும் அந்தப் பதினான்கு மாதமாகக் கலைமதிதான்.

சேரப்பணஞ்சேரியில் அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. கீழே அண்ணன் சுப்பிரமணி, அவன் மனைவி லீலா, பதினோரு வயது மகள் மதிவதனி. மேலே தம்பி வசந்தகுமாரும் அவன் மனைவி கலைமதியும். சுப்பிரமணி ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். தம்பியும் கலைமதியும் சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரே எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது கலைமதியின் வேலை. தாம்பரத்தில் பிறந்தவள். எதையும் நிதானமாக, எதிரில் இருப்பவருக்குப் புரிகிற மாதிரி சொல்லுவாள். அந்த நிதானம்தான் லீலாவுக்கு ஆகவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் லீலாவும் ஏழு வருஷம் ஒரு கம்பெனியில் வயரிங் லைனில் நின்றவள். அது இப்போது யாருக்கும் ஞாபகமில்லை.

மதிவதனி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக் கீழே போட்டுவிட்டு மாடிக்கு ஓடுவாள். ஒருநாள் லீலா சுட்ட அடையைத் தட்டோடு மேலே எடுத்துப்போய், சித்தி கையால் வாங்கித் தின்றாள். மாவு அரைத்ததும் சுட்டதும் லீலா. "சித்தி, சூப்பரா கீது" என்று குழந்தை சொன்னது மாடிப்படி வழியாகக் கீழே கேட்டது.

கம்பெனியிலிருந்து ஒரு ரிசார்ட்டுக்குக் கூட்டிப்போன இடத்தில் வசந்தகுமாரும் கலைமதியும் பெடல் கயாக் ஓட்டிவிட்டு வந்தார்கள். கயாக் என்றால் நீளவாக்கில் ஒடுங்கிய சின்னப் படகு. இதில் துடுப்புக்குப் பதிலாக சைக்கிள் போல மிதிக்க வேண்டும், அடியில் ஒரு காற்றாடி சுற்றித் தள்ளும். அன்றிலிருந்து வீட்டில் அதே பேச்சு. அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்து சுற்றுவட்டார ஏரிகளெல்லாம் நிரம்பியிருந்தன. பொங்கல் போனஸில் நமக்கே ஒன்று வாங்கினால் என்ன என்றான் வசந்தகுமார். சுப்பிரமணி சிரித்துக்கொண்டே தலையாட்டினான். லீலா ஒரு தையல் மிஷின் கேட்டு இரண்டு வருஷமாகிறது, அதற்கு அவன் தலை ஆடியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கலைமதி தன் லேப்டாப்பைக் கூடத்து டிவியோடு இணைத்தாள். எல்லோரும் சுற்றி உட்கார்ந்தார்கள். லீலா வாசல்படியருகே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, நமக்கு ரெண்டு சீட்டுதான் சரி. பெரியவங்க ஒருத்தர், மதி ஒருத்தி போலாம்" என்று கலைமதி சுப்பிரமணியிடம் தொடங்கினாள். "இது கெட்டி பிளாஸ்டிக். அறுபது கிலோ. தூக்க ரெண்டு பேர் வேணும், கார் மேல கேரியர் போடணும், வீட்ல வைக்க எடம் வேணும். இது காத்தடிக்கிறது. மடிச்சா ஒரு பை. டிக்கில போட்டுடலாம். அகலமும் ஜாஸ்தி, சீக்கிரம் கவிழாது."

"காத்தடிக்கிறதா?" சுப்பிரமணி முகத்தைச் சுளித்தான். "முள்ளு குத்துனா டுஸ்ஸுனு பூடாது?"

கலைமதி ஒரு வீடியோவைப் போட்டாள். அதில் ஒருவன் அந்தப் படகைச் சுத்தியலால் அடித்தான், ஜல்லிமேல் இழுத்தான். ஒன்றும் ஆகவில்லை. மதிவதனி கைதட்டினாள்.

"எந்த ஏரில வுடறது?" என்றான் சுப்பிரமணி. "செம்பரம்பாக்கம் குடிதண்ணி ஏரி, அங்க நம்மள வுடமாட்டான்."

"அண்ணி ஊரு ஏரி கீதுல்ல? கரை வரைக்கும் கார் போவும்" என்றான் வசந்தகுமார். "மீன் குத்தகை யாக்கோபு அண்ணன்தான் எடுத்துகிறாரு. போன் பண்ணிக் கேக்கறேன்."

லீலாவின் கை நின்றது. அவள் பிறந்த ஊர் ஏரி. அந்த ஏரிக்குள் ஒரு காலத்தில் கருவேலந்தோப்பு இருந்தது. அவளுக்குப் பதினேழு வயதில் அதை ஏலம் விட்டு வெட்டினார்கள். வெட்டுக்கு மேஸ்திரி அவள் அப்பா பரசுராமன். மரங்களுக்கு வெள்ளைப் பெயின்டில் எண் போட லீலா மூன்று வாரம் அவரோடு போனாள். நானூற்றுச் சொச்சம் மரம். வெட்டினவர்கள் வேரைப் பிடுங்கவில்லை. கோடையில் ஏரி வற்றும்போதெல்லாம் அந்தக் கட்டைகள் மறுபடி துளிர்த்து, விரல் நீள முள்ளோடு நிற்கும். தண்ணீர் நிரம்பினால் வெளியே தெரியாது. தெற்கே மதகிலிருந்து நடு ஏரி வரை ஒரு வாய்க்கால் தடம் மட்டும் சுத்தமாக இருக்கும்.

இதைச் சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் கலைமதி திரும்பி, "அக்கா, அது உங்க ஊர்தானே? ஏரி எப்படி இருக்கும்?" என்று கேட்டாள்.

"அம்மாக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது சித்தி. நீ அடுத்த படம் போடு" என்றாள் மதிவதனி.

சுப்பிரமணி சிரித்தான். கெட்ட எண்ணமில்லாத சிரிப்புதான். லீலாவுக்கு அடிவயிற்றிலிருந்து நெஞ்சு வரை எரிந்துகொண்டு ஏறியது.

"எனக்கு இன்னாம்மா தெரியும்" என்றாள் கலைமதியைப் பார்த்து. "நீதான் படிச்சிகிற. நீயே பாத்து வாங்கு."

வெங்காயத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வாங்கட்டும் என்று நினைத்தாள். வாங்கி, ஊர் பார்க்க ஏரியில் விட்டு, அது பொசுக்கென்று போகட்டும். எல்லோர் முன்னாலும் அந்த நிதானமான முகம் ஒரு தடவை சிறுத்துப் போகட்டும்.

படகு வர ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளில் சொல்லிவிட இரண்டு முறை வாய்ப்பு வந்தது. முதல் ஷிஃப்டுக்குப் போகச் சுப்பிரமணி ஷூ மாட்டும்போது ஒருநாள் அவன் பக்கத்தில் போய் நின்றாள். "கலை இன்னாமா வெவரமா கீது பாத்தியா, ஜாக்கெட்டுகூட அளவு பாத்து ஆர்டர் போடுது" என்றான் அவன். அவள் டிபன் பாக்ஸைக் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டாள். இன்னொரு நாள் கலைமதியே சமையலறைக்கு வந்தாள்.

"அக்கா, உங்களுக்கும் மிதவை ஜாக்கெட் ஒண்ணு போடட்டுமா? ஜாக்கெட் இல்லாம யாரும் ஏறக் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டேன்."

"நான் ஏறப்போறதில்ல."

"ஏன்க்கா?"

"வேல கீது."

கலைமதி சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள். இவள் கத்தியிருந்தால், ஒரு வார்த்தை குத்திப் பேசியிருந்தால் லீலாவுக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். கெட்டவள் என்று சொல்ல அவள் ஒரு இடமும் கொடுக்கவில்லையே என்று அதற்கும் பொருமினாள்.

காணும் பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு ஐந்து பேரும் காரில் போனார்கள். ஏரி கரை முட்ட நின்றது. வசந்தகுமார் பம்பை மிதிக்க மிதிக்க அந்த நீலப் படகு உப்பி எழுந்தது. கரையில் குளிக்க வந்தவர்கள் கூடி நின்று பார்த்தார்கள். லீலாவைத் தெரிந்த இரண்டு பெண்கள், "யாருடி இது, உன் ஓர்ப்படியா? அம்சமா கீறாளே" என்றார்கள். அவள் கேட்காத மாதிரி கூடையை இறக்கினாள்.

முதலில் அண்ணனும் தம்பியும் ஒரு சுற்று போனார்கள். கரையோரமாகவே மிதித்துப் பத்திரமாகத் திரும்பினார்கள். ஒன்றும் ஆகவில்லை. லீலாவுக்கு ஏமாற்றமாக இருந்தது. அப்படி இருந்ததை அவளே உணர்ந்தாள். அடுத்து கலைமதி முன்னால் ஏறினாள், மதிவதனி பின்னால்.

மகளும் ஏறுவாள் என்று லீலாவுக்குத் தெரியாமலா இருந்தது? தெரியும். ஆனால் இத்தனை நாளும் அவள் மனதில் ஓட்டிப் பார்த்த காட்சியில் படகில் கலைமதி மட்டும்தான் இருந்தாள்.

"கரையோரமா போங்க" என்று சொன்னாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. படகு நகர்ந்துவிட்டது.

கொஞ்ச தூரம் கரையோரம் போன படகு வடக்கே திரும்பியது. அங்கே தண்ணீரிலிருந்து ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்த குச்சியில் நீர்க்காகம் ஒன்று இறக்கையை விரித்து உட்கார்ந்திருந்தது. மதிவதனி அதைக் கைநீட்டிக் காட்டுவது தெரிந்தது. அந்தக் குச்சி ஒரு கருவேலங்கட்டையின் துளிர். அதைச் சுற்றி முழுக்கத் தோப்பு.

லீலாவின் நெஞ்சுக்குள் இரண்டு குரல் ஒரே நேரத்தில் கேட்டது. ஒன்று மகளைக் கூப்பிட்டது. இன்னொன்று, குத்தட்டும் என்றது. ஒரு மூச்சு நேரம்தான். அந்த ஒரு மூச்சு அவள் சும்மா நின்றாள்.

பிறகு, "மதி! அங்க போவாத! திரும்பு!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். காற்று எதிர்க்காற்று. கலைமதி திரும்பிப் பார்த்து, அக்கா கையாட்டுகிறாள் என்று நினைத்து, சந்தோஷமாகத் தானும் கையாட்டினாள்.

படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. முள் குத்திய இடதுபக்கக் காற்றுக்குழாய் சுருங்கித் துவண்டது. இருவரும் தண்ணீரில் சரிந்தார்கள்.

சுப்பிரமணிக்கும் தம்பிக்கும் நீச்சல் தெரியாது. வசந்தகுமார் இடுப்பளவு தண்ணீருக்குள் ஓடித் திகைத்து நின்றான். லீலா துப்பட்டாவை வீசிவிட்டு அவர்கள் இருந்த திசைக்கு எதிர்ப்பக்கமாக, மதகை நோக்கி ஓடினாள்.

"ஏய், எங்க ஓடற நீ?" என்று சுப்பிரமணி அலறினான்.

மதகிலிருந்து வாய்க்கால் தடத்தைப் பிடித்து நீந்தினாள். பதினைந்து வருஷமாக நீந்தாத கை. பாதி தூரத்தில் தோள் மரத்துப்போனது. தண்ணீர் மூக்கில் ஏறியது. கடவுளே, என் மகள், என் மகள் என்ற ஒன்றைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

நெருங்கியபோது முதலில் மதிவதனியின் தலை தெரிந்தது. மிதவை ஜாக்கெட் மோவாய் வரை ஏறியிருந்தது. அழுதுகொண்டிருந்தாள். அந்த ஜாக்கெட்டின் கழுத்துப்பட்டையை ஒரு கை இறுக்கிப் பிடித்து அவளை உயரத் தூக்கி வைத்திருந்தது. கலைமதியின் கை. கலைமதியின் முகம் பாதி தண்ணீருக்குள் முங்கி முங்கி எழுந்தது. ஜாக்கெட் போட்டும் அவளால் மேலே வர முடியவில்லை.

"அக்கா, மதியப் பிடிங்க" என்றாள் மூச்சு வாங்க. "கால் மாட்டிக்கிச்சு. என்னை விடுங்க, அவளப் பிடிங்க."

படகின் வலதுபக்கக் குழாயில் இன்னும் காற்று இருந்தது. லீலா மகளை அதன்மேல் குப்புறப் போட்டாள். பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு முங்கினாள். கலங்கல் தண்ணீரில் கையால் தடவித்தான் பார்க்க முடிந்தது. கலைமதியின் பேன்ட் துணியும் கெண்டைக்காலும் ஒரு முள் கிளைக்குள் சிக்கியிருந்தன. லீலா கிளையை இரண்டு கையாலும் வளைத்து ஒடித்தாள். உள்ளங்கையில் முள் ஏறியது தெரிந்தது, வலி தெரியவில்லை. மூன்றாவது முங்கில் கால் விடுபட்டது.

அதற்குள் தன் வலைக்கருகே இருந்த யாக்கோபு தெர்மாகோல் தெப்பத்தில் வந்து சேர்ந்தார். மூன்று பேரையும் வாய்க்கால் தடம் வழியே கரைக்குக் கொண்டுவந்தார்.

கரையில் ஒரே கூச்சல். சுப்பிரமணி மகளைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு காருக்கு ஓடினான். வசந்தகுமார் துணி கொண்டுவர அவன் பின்னால் போனான். மதகுத் திட்டில் கலைமதி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கெண்டைக்காலில் ரத்தம் வழிந்தது. லீலா கரையில் கிடந்த தன் துப்பட்டாவை எடுத்துவந்து கிழித்துக் கட்டுப்போட்டாள். யாக்கோபு தெப்பத்தை இழுத்துக் கட்டிக்கொண்டே பேசினார்.

"இன்னா லீலாம்மா, நீ கூட வரேன்னு உன் கொழுந்தனார் சொன்னாரு, அதான் நான் ஒண்ணுமே சொல்லல. மரத்துக்கு நம்பர் போட்டதே நீதானே. உன்னவிட யாருக்குத் தெரியும் கட்டை எங்க கீதுன்னு? நீ சொல்லலையா இவங்ககிட்ட?"

அவர் கேட்டதில் கள்ளமே இல்லை. கேட்டுவிட்டு வலையைப் பார்க்கப் போய்விட்டார்.

லீலா கட்டின் முடிச்சைப் போட்டாள். அவிழ்த்தாள். மறுபடி போட்டாள்.

"அக்கா" என்றாள் கலைமதி. "உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அன்னைக்கு நான் கேட்டேனே."

"கேட்ட."

"அப்புறம் ஏன்?"

பொய் ஒன்றும் வாயில் வரவில்லை. "நீ வாங்கினது பாழா போவணும்னு நெனச்சேன்" என்றாள் லீலா. "எல்லாரும் உன்னையே பாக்கறாங்க. வயிறு எரிஞ்சிச்சு."

கலைமதி அவளை வெறித்துப் பார்த்தாள். பிறகு தன் காலை லீலாவின் மடியிலிருந்து மெதுவாக எடுத்துக்கொண்டாள்.

கலைமதியின் காலில் பதினோரு தையல் போட்டார்கள். ஊரெல்லாம் செய்தி பரவியது. சொந்தக்காரர்கள் வந்து லீலாவின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "நம்ம லீலா இல்லன்னா ரெண்டு உசுரு போயிருக்கும்" என்று சுப்பிரமணி வருகிறவர்களிடமெல்லாம் சொன்னான். மதிவதனி அம்மாவை விட்டு நகரவில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் அம்மாவின் நீச்சலைப் பற்றியே பேசினாள். லீலா ஆசைப்பட்டதெல்லாம் கூடத்தில் இலை போட்டுப் பரிமாறியது போல அவள் எதிரே இருந்தது. அவளால் அதில் ஒரு வாய்கூட விழுங்க முடியவில்லை. யாராவது புகழும்போதெல்லாம் அவள் கண் மாடிப்படிக்குப் போனது. இன்று சொல்லிவிடுவாள், நாளை சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தாள். கலைமதி சொல்லவில்லை.

பத்து நாள் பொறுத்தாள் லீலா. பதினோராம் நாள் காபி எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

"ஏன் சொல்லாம கீற? சொல்லிடு. இப்படி வெச்சிக்கினு கொல்லாத."

கலைமதி காபியை வாங்கிக் கீழே வைத்தாள். "சொன்னா மதிக்கும் தெரிஞ்சுடும்க்கா. அம்மா தெரிஞ்சே விட்டாங்கன்னு ஒரு கொழந்தை தெரிஞ்சுக்க வேணாம். அவளுக்காகத்தான். மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காதீங்க. ராத்திரி கால் வலிக்கறப்பல்லாம் உங்க மேல கோவம் கோவமா வருது."

லீலாவுக்கு ஏனோ அந்தக் கோபம் ஆறுதலாக இருந்தது. அவள் வந்த நாளிலிருந்து முதல் முறையாக அந்த நிதானமான முகம் சிவந்திருப்பதைப் பார்த்தாள். அப்போதும்கூட, இவ்வளவு கோபத்தை வைத்துக்கொண்டு வாய் திறக்காமல் இருக்கிறாளே, என்னால் முடியுமா என்று ஒரு சின்னப் பொறாமை எட்டிப் பார்த்தது. அன்று சாயங்காலமே சுப்பிரமணியைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். "மதி காதுக்குப் போவ வேணாம்" என்றான் அவன். அதன்பிறகு யாரிடமும் அவன் அவள் நீச்சலைப் பற்றிப் பெருமை பேசவில்லை. ஒரு வாரம் அவளிடமும் சரியாகப் பேசவில்லை. அதைத் தாங்கிக்கொண்டாள்.

படகு வேண்டாம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். விடாதவள் கலைமதி. தையல் பிரித்த மறுவாரம் கீழே வந்து, "அக்கா, சனிக்கிழமை படகு வாங்கின கடைக்குப் போலாம். கிழிஞ்சதக் கொடுத்தா, மேல கொஞ்சம் பணம் வாங்கிக்கிட்டு வேற மாத்தித் தரேன்றாங்க. இந்தத் தடவை நீங்க பாத்து எடுங்க" என்றாள். குரலில் பழைய இனிப்பு இல்லை.

கடற்கரைச் சாலையில் இருந்த அந்தக் கடையில் லீலா ஒரு மணி நேரம் ஒவ்வொரு படகையும் சுற்றி வந்தாள். ஏறி உட்கார்ந்து மிதித்தாள். குனிந்து அடிப்பாகத்தைத் தடவினாள். கடைக்காரர் ஒரு வேகமான மாடலைக் காட்டினார்.

"இதுல காத்தாடி ஒரு முழம் கீழ தொங்குது" என்றாள் லீலா. "கட்டையில பட்டா ஒடிஞ்சிடும். பாசியும் சுத்திக்கும்."

அவர் இன்னொன்றைக் காட்டினார். அதில் காற்றாடிக்குப் பதில் மீன் துடுப்பு போல இரண்டு தகடுகள். எதிலாவது இடித்தால் படகின் வயிற்றோடு ஒட்டிக்கொள்ளும். கெட்டி பிளாஸ்டிக். அகலமான அடி. சீட்டை முன்னும் பின்னும் தள்ளலாம், மதிவதனியின் காலுக்கும் எட்டும். கனம்தான் அதிகம்.

"இத எங்க வைக்கறது அக்கா?" என்றாள் கலைமதி.

"பின்கட்டுல செவுத்தோட ரெண்டு கொக்கி அடிச்சி மாட்டிக்கலாம். தூக்கறதுக்கு நாலு பேர் கீறோமே."

கலைமதி கடைக்காரரைப் பார்த்துத் தலையாட்டினாள். "சரி" என்றாள்.

மாசி மாதம் ஒரு காலையில் அதை ஏரியில் இறக்கினார்கள். மிதவை ஜாக்கெட் ஐந்து இருந்தது. முதல் சுற்றுக்கு யார் போவது என்று வசந்தகுமார் கேட்டபோது, யாரும் எதிர்பாராத விதமாகக் கலைமதி லீலாவைக் காட்டினாள். "அக்கா பின்னாடி உக்காரட்டும். வழி அவங்களுக்குத்தான் தெரியும்."

மதகிலிருந்து வாய்க்கால் தடத்தில் இருவரும் போனார்கள். எங்கே திரும்ப வேண்டும் என்று மட்டும் லீலா சொன்னாள், கலைமதி படகைத் திருப்பினாள். மிதிக்க மிதிக்க அவள் கெண்டைக்காலில் புதுத்தழும்பு ஏறி இறங்கியது. லீலா அதைப் பார்க்காமல் இருக்க முயலவில்லை.

நடு ஏரிக்கு வந்ததும் கரையிலிருந்து மதிவதனியின் குரல் கேட்டது. "சித்தீ! சித்தீ! இங்க பாரு!"

அம்மா என்று ஒரு முறைகூடக் கூப்பிடவில்லை. லீலாவின் அடிவயிற்றில் அந்தப் பழைய எரிச்சல் சுருக்கென்று எழுந்தது. அது போய்விட்டது என்று அவள் நினைத்திருந்தாள். கலைமதிக்குக் காற்றில் அந்தக் குரல் கேட்கவில்லை போலிருந்தது.

"கலை" என்றாள் லீலா. "மதி கூப்பிடறா. உன்னத்தான்."

கலைமதி திரும்பிக் கரையைப் பார்த்துக் கையாட்டினாள். லீலா மிதித்துக்கொண்டிருந்தாள்.